கோயில் நிலத்துக்குத் தடையுத்தரவு வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மடல்

மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போலீசுக்கோ சமூக நல இலாகாவுக்கோ எழுத வேண்டியதை ஏன் நமக்கு எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். நம் பக்கத்துத் தோட்டங்களில் புருஷனிடம் அடி வாங்கிய பெண் முதலில் வந்து நிற்பது உங்கள் முன்னால்தான். அவளாக வராவிட்டாலும் மாமியாரோ கொழுந்தனோ கூட்டி வந்து உட்கார வைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் கொடுத்த பிறகு, மண்டபத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேசுகிறீர்கள். அப்புறம் அவன் சாமி முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்கிறான். இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். அவளும் போடுகிறாள். பிரச்னை தீர்ந்தது என்று எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். அவளும் போகிறாள், அதே வீட்டுக்கு.

நான் தோட்ட ஆபீசில் பல வருஷம் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர், சம்பளப் பதிவேடு, எழுதியவள். இப்போது டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறேன். நம் பெண்கள் யாராவது போலீஸ் நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டியிருந்தால் துணைக்குக் கூப்பிடுவார்கள், போவேன். உங்கள் மண்டபங்களிலும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கோயில் என்று சொல்லப்போவதில்லை. ஒரு மண்டபத்தில் அந்தப் பெண் டீ கிளாஸை இடது கையில் பிடித்திருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கி, வளையல் ஏறி இறங்காமல் சதையில் பதிந்திருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தலைவர் நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தாமல் பேசினார். "அனுசரிச்சுப் போம்மா, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு, நாளைக்கு அதுங்களுக்கு ஒரு நல்லது கெட்டது பாக்கணும்" என்றார். அவள் தலை நிமிராமல், "போன தடவையும் சூடம் அடிச்சாரு மாமா" என்றாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பினார்கள்.

உங்களுக்குச் சட்டம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. நன்றாகவே தெரியும். கோயில் நிலத்தில் கை வைக்க ஒரு கம்பெனி வந்தால் அன்றைக்கே போலீஸ் ரிப்போர்ட் போடுகிறீர்கள். ஒய்.பி.யை, அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதியை, போய்ப் பார்க்கிறீர்கள், மகஜர் கொடுக்கிறீர்கள், வக்கீல் வைத்துத் தடையுத்தரவு கேட்கிறீர்கள். அப்போது யாராவது வந்து, "இது தோட்டத்துக்குள் நடக்கிற விவகாரம், மேனேஜரும் நீங்களும் உட்கார்ந்து பேசி அனுசரித்துக்கொள்ளுங்கள், மேனேஜர் சூடம் அடிப்பார்" என்று சொன்னால் என்ன சொல்வீர்கள்? விரட்டி அடிப்பீர்கள். சரியாகத்தான் செய்வீர்கள். சாமி இருக்கும் இடத்துக்குக் கேட்கிற அதே தடையுத்தரவை ஒரு பெண் தன் உடம்புக்குக் கேட்டால் மட்டும் அது குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுக்கிற காரியம் ஆகிவிடுகிறது. எனக்கு இது விளங்கவே இல்லை.

அந்தத் தடையுத்தரவு இந்த நாட்டில் இருக்கிறது. பெண்கள் அமைப்புகள் 1985 முதல் கேட்டுக் கேட்டு, 1994ல் குடும்ப வன்முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நிறைவேறிய பிறகும் தூங்கிக் கிடந்து, 1996 ஜூன் 1ல்தான் அமலுக்கு வந்தது. முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் என்ற பிரிவு இல்லாமல் எல்லாருக்கும் பொதுவானது. மனைவி, முன்னாள் மனைவி, பிள்ளைகள், வீட்டில் இருக்கும் வயதானவர்கள், மற்றக் குடும்பத்தினர் என்று எல்லாரும் இதில் வருகிறார்கள். அடி உதை மட்டும்தான் வன்முறை என்று நினைத்துவிடாதீர்கள். 2012ல் செய்த திருத்தத்தில் மன உளைச்சல் தரும் கொடுமையும் சேர்ந்தது. 2017 திருத்தத்தில், அவள் பணத்தையோ பொருளையோ அபகரித்து அவளை வேதனைப்படுத்துவதும் சேர்ந்தது. இப்போதெல்லாம் சம்பளம் பேங்கில்தான் விழுகிறது. அவள் ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது, பின் நம்பர் யாருக்குத் தெரியும் என்று உங்கள் மண்டபத்தில் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

உத்தரவு மூன்று வகை. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், வித்தியாசம் தெரிந்தால் போதும். போலீஸ் விசாரிக்கிற காலத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு, அதாவது ஐ.பி.ஓ. வழக்கு கோர்ட்டில் நடக்கும்போது பாதுகாப்பு உத்தரவு, அது ஒரு வருஷம் வரை போகும், மேலும் நீட்டிக்கலாம். இந்த இரண்டையும் மாஜிஸ்திரேட் கொடுப்பார். மூன்றாவதுதான் நம் பெண்களுக்கு மிக முக்கியமானது, 2018 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் அவசரப் பாதுகாப்பு உத்தரவு. இ.பி.ஓ. என்றால் நல இலாகாவில் புரியும். உடனடி ஆபத்து இருந்தால் இதை நல இலாகா அதிகாரியே கொடுக்கலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டாம், போலீஸ் ரிப்போர்ட்கூடத் தேவையில்லை. ஏழு நாள் செல்லும். அந்த ஏழு நாளும் அவன் அவளை அடிக்கக் கூடாது, வேறு ஆளை ஏவி அடிக்கவும் கூடாது, அவள் இருக்கிற வீட்டுக்குள் வரவும் கூடாது என்று உத்தரவிடலாம். எந்த உத்தரவை மீறினாலும் 6 மாதம் வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறும்போது கை ஓங்கினால் சிறை ஒரு வருஷம் வரை, அபராதம் 4,000 வரை. உங்கள் நோட்டுப் புத்தகத்தில் போட்ட கையெழுத்தை மீறினால் என்ன தண்டனை என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு சூடம்.

இதில் உங்களை நேரடியாகத் தொடும் ஒரு சங்கதி இருக்கிறது.

நம் தோட்டத்துக் கல்யாணங்களில் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டவை இன்னும் உண்டு. பதிவு அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். ஒருத்தருக்கு ஐ.சி., அதாவது அடையாள அட்டை, இருக்காது, இன்னொருவருக்குப் பழைய கல்யாணப் பதிவு ரத்தாகியிருக்காது, அந்த அப்புறம் வரவே வராது. கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதியாத பெண் விவாகரத்து, சொத்து என்று போனால் திண்டாடுவாள். அதனாலேயே, "உனக்குச் சர்டிபிகேட்டே இல்லை, நீ எங்கே போய்ச் சொன்னாலும் செல்லாது" என்று சொல்லியே புருஷன்மார் மிரட்டி வைத்திருக்கிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தில் இந்த மிரட்டல் எடுபடாது. மதப்படியோ வழக்கப்படியோ கல்யாணச் சடங்கு நடந்திருந்தால், பதியாவிட்டாலும் அவள் மனைவிதான் என்று அந்தச் சட்டம் தன் இரண்டாவது பிரிவிலேயே சொல்கிறது. சடங்கு நடந்ததைக் காட்ட நல்ல சாட்சி எது? நீங்கள் வெட்டிய மண்டபக் கட்டண ரசீது. உங்கள் அலமாரியில் இருக்கும் கல்யாணப் பதிவேடு. அதில் தேதி இருக்கிறது, முகூர்த்தம் இருக்கிறது, இரண்டு பக்கத்துச் சாட்சிப் பெயரும் இருக்கிறது.

அந்தப் பதிவேட்டைப் பார்த்து ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்டுப் போன பெண்ணோடு நானும் போயிருக்கிறேன். "புருஷன் பொஞ்சாதி சண்டையில் கோயில் பேரை இழுக்காதம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். கல்யாணத்தன்று கோயில் பேர் வேண்டியிருந்தது, பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மண்டை உடைந்த அன்று கோயில் பேர் கெட்டுப்போகுமா? கெட்டால் கெடட்டும் என்றுகூட எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

அடுத்து வீடு. செக்ரோல் எழுதியவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, கம்பெனி வீடு. ஆபீசில் இருக்கும் வீட்டு லிஸ்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்தான், பெரும்பாலும் ஆம்பளை பெயர். இரண்டு பேரும் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தாலும், அவன் செம்பனைக் குலை வெட்ட அவள் பழம் பொறுக்கினாலும், லிஸ்டில் அவன்தான். அடி தாங்காமல் இரவில் ஓடினால் அவள்தான் வெளியே போகிறாள். கைலியோடு, செருப்பில்லாமல், ஐ.சி.யும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் உள்ளேயே கிடக்க. அம்மா வீடு வேறு தோட்டத்தில். நாலு நாள் செக்ரோலில் பெயர் விழவில்லை என்றால் சம்பளம் போச்சு, பத்து நாளானால் வேலையும் போச்சு, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போச்சு. அடித்தவன் மட்டும் ஃபேன் போட்டுக்கொண்டு அதே வீட்டில் படுத்திருப்பான். அப்புறம் நீங்கள் அவளைப் பார்த்து, "வீட்டை விட்டு வந்தது உன் தப்பு" என்பீர்கள்.

சட்டம் இதை நேர் எதிராகப் பார்க்கிறது. வீடு அவன் பெயரில் இருந்தாலும் சரி, வாடகை அவன் பெயரில் போனாலும் சரி, அவளுடைய பாதுகாப்புக்குத் தேவை என்றால் அவளை மட்டும் அந்த வீட்டில் இருக்கவிட்டு அவனை வெளியே நிறுத்தக் கோர்ட் உத்தரவிடலாம். போக வேண்டியவன் அடித்தவன். ஆனால் லயத்து வீட்டில் கோர்ட் உத்தரவை மேனேஜர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்ற பயம் அவளுக்கு இருக்கும். இங்கேதான் நீங்கள் வேண்டும். உங்கள் குழுவில் மண்டோர் (கங்காணி) இருக்கிறார், கிராணி (ஆபீஸ் எழுத்தர்) இருக்கிறார், தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் இருக்கிறார். அவளும் அந்தத் தோட்டத்துத் தொழிலாளி என்றால், வீட்டை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்க உங்களால் முடியும். தண்ணிக் குழாய்க்கும் கோயில் கரண்டுக்கும் போய்க் கேட்கிறீர்கள் அல்லவா?

இரவில் லயத்திலிருந்து டவுனுக்கு வர பஸ் ஏது என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாதிக்கப்பட்டவளைப் பாதுகாப்பான இடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொண்டு சேர்க்க வண்டி ஏற்பாடு செய்வது, புகார் எழுத உதவுவது, அவள் உடைமைகளை எடுத்துவர வீட்டுக்குக் கூடவே போவது, இவை எல்லாம் போலீசும் நல இலாகா அதிகாரியும் செய்ய வேண்டிய கடமைகள் என்று அந்தச் சட்டத்தின் 19வது பிரிவு சொல்கிறது. அவர்கள் இஷ்டப்பட்டால் செய்கிற உதவி என்று நினைக்க வேண்டாம். போலீஸ் நிலையக் கவுண்டரில் இருப்பவர், "வீட்டுப் பிரச்னை, பேசித் தீர்த்துக்குங்க" என்று சொல்வதையும் நான் காதால் கேட்டிருக்கிறேன். குடும்ப வன்முறைக் குற்றம் வாரண்டு இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று 2012லேயே சட்டம் ஆகிவிட்டது. தனியாகப் போகிற பெண்ணிடம் சொல்கிற அந்தப் பேச்சை, கோயில் தலைவர் கூட வந்து நின்றால் சொல்ல மாட்டார்கள். வெள்ளைச் சட்டைக்கும் பாக்கெட்டில் குத்திய பேட்ஜுக்கும் இந்த ஊரில் அவ்வளவு மரியாதை இருக்கிறது. அதை ஒரு தடவை இப்படிச் செலவழித்துப் பாருங்கள்.

நீங்கள் வழக்கமாகச் சொல்கிற பதில்களும் எனக்குத் தெரியும்.

"தண்ணி போட்டால்தான் அப்படி, மற்ற நேரத்தில் தங்கமான பையன்" என்பீர்கள். சம்சுச் சாராயம் நம் லயங்களை அழித்தது உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் குடித்துவிட்டு மண்டோரை அடித்தவன் எத்தனை பேர்? தவறணையிலிருந்து, அதாவது மதுக்கடையிலிருந்து, லயம் வரை வழியில் பார்த்த அத்தனை பேருக்கும் வணக்கம் போட்டுக்கொண்டு வருகிறவனுக்கு, வீட்டு வாசல் தாண்டியதும் மட்டும் கை எழுகிறது. யாரை அடித்தால் கேள்வி இல்லை என்பது எவ்வளவு போதையிலும் அவனுக்குத் தெரிகிறது.

"போலீஸ் போனால் அவன் வேலை போகும், பிள்ளைகள் என்ன சாப்பிடும்" என்று கேட்பது வேறு. அந்தக் கவலை அவளுக்கும் இருக்கிறது, அதனால்தான் பல பெண்கள் வாயைத் திறப்பதில்லை. பாதுகாப்பு உத்தரவு என்றாலே அவனை உள்ளே தள்ளுவது என்று நினைக்கிறார்கள். கிட்டே வராதே என்பதுதான் உத்தரவு. அதை மதித்து நடந்தால் அவன் பாட்டுக்கு வேலைக்குப் போகலாம்.

"ரெண்டு பக்கமும் கேட்கணும்." கேட்கட்டும், அதற்குத்தான் மாஜிஸ்திரேட் இருக்கிறார். உங்கள் மண்டபத்தில் ஒரு பக்கத்தில் அவனும் அவன் அண்ணன் தம்பிகளும் உட்கார்ந்திருக்க, மறுபக்கத்தில் அவள் மட்டும் இருப்பதைப் பார்த்த பிறகு, இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

மேலே இருப்பவர்களின் யோசனையும் பெரிதாக வேறு இல்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, வீட்டில் சண்டை வராமல் இருக்க மனைவிமார் டோரேமோன் என்ற கார்ட்டூன் பூனையின் குரலில் பேசிப் பார்க்கலாம் என்று மகளிர் அமைச்சே போஸ்டர் போட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவில் டோரேமோன், நம் மண்டபத்தில் 'அனுசரிச்சுப் போம்மா'. தீபகற்ப மலேசியாவில் துணையோடு வாழ்ந்த பெண்களில் 9 விழுக்காட்டினர் குடும்ப வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2014ல் ஆய்வு செய்து சொன்னது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க உங்கள் கோயிலில் வரிசை நிற்குமே, அதை இந்தக் கணக்கோடு ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

மனித உரிமை என்றால் பெரிய இடத்துப் பேச்சு, நமக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த உரிமையைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். தோட்டக் கேட்டுக்கு உள்ளே துரை வைத்ததுதான் சட்டம் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. தோட்டத்துக்குள் நடப்பது தோட்டத்துக்குள் இருக்கட்டும், வெளியே போகாதே என்று அன்றைக்கு நம் பாட்டன்களிடம் சொன்னார்கள். அவர்கள் கேட்கவில்லை. 1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்றாகத் திரண்டது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, இந்த ஊர்க்காரரான அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டித் தோட்டமே வாங்கினார்கள். எங்களை மனுஷனாக நடத்து என்றுதான் அவர்கள் கேட்டார்கள். லயத்துக் கதவுக்கு உள்ளே அவன் வைத்ததுதான் சட்டம் என்று அவர்கள் பேரன்கள் இன்று சொன்னால், பழைய துரையின் நாற்காலியை எடுத்து அவன் வீட்டுக்குள் போட்டுக்கொண்டான் என்றுதான் அர்த்தம்.

ஏட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 1995ல் சேர்ந்தது. பெண் என்பதற்காக அவள்மேல் நடத்தும் வன்முறையும் பாகுபாடுதான் என்று அந்த உடன்படிக்கையின் குழு 1992லேயே தெளிவாக்கிவிட்டது. வீட்டுக்குள் நடந்தாலும் அதைத் தடுக்கும் பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8வது பிரிவில், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் ஒன்றாகப் பாலினத்தை 2001ல் சேர்த்தார்கள். சட்டத்தில் ஓட்டையே இல்லை என்று சொல்லவில்லை. கல்யாணச் சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழும் பெண்ணை இது இன்னும் கண்டுகொள்ளவில்லை. அதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் இருக்கிறது, அங்கே கேட்கிற விதத்தில் கேட்போம். உங்களிடம் நான் கேட்பது உங்கள் கையில் இருப்பதை.

வரப்போகும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். அடிதடி நடந்த வீட்டு விவகாரத்தில் கோயில் இனிமேல் சமரசம் பேசாது, சூடம் அடிக்க வைக்காது என்று தீர்மானம் போடுங்கள். மாமியார் மருமகள் வாய்ச்சண்டை, நகை அடகு, கல்யாணக் கடன் இதையெல்லாம் தாராளமாகப் பேசித் தீர்த்து வையுங்கள், அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. உடம்பில் காயத்தோடு ஒருத்தி வந்தால் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். இப்படி வருகிறவர்களைப் பார்க்க அங்கே தனி ஏற்பாடு இருக்கிறது, டாக்டர் எழுதுவது பிற்பாடு கோர்ட்டில் பேசும். கிளினிக்கில், "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். கோலகங்சார் நல இலாகாவுக்குப் போக வேண்டியிருந்தால், திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்றுகிற அந்த வேன் இருக்கிறதே, அதில் ஒரு அக்காவைத் துணைக்கு ஏற்றி அனுப்புங்கள். உபயதாரர் பட்டியல் ஒட்டுகிற பலகையில் அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999ஐப் பெரிதாக ஒட்டுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூப்பிடலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்று சட்டமே காப்பாற்றுகிறது, இதையும் பலகையில் எழுதிப் போட்டால் நல்லது.

கல்யாணக் கடிதத்தையும் மறந்துவிடாதீர்கள். கேட்ட அன்றைக்கே, புருஷன் சம்மதமோ மாமனார் கையெழுத்தோ கேட்காமல் கொடுக்க வேண்டும். இன்ன தேதியில் இன்ன பதிவேட்டின்படி எங்கள் கோயிலில் இவர்களுக்கு இந்து முறைப்படி திருமணம் நடந்தது என்று நாலு வரி போதும். யார் பக்கமும் சாய வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். மாதிரியைத் தமிழிலும் மலாயிலும் டைப் அடித்து வைத்திருக்கிறேன். எந்தக் கோயில் கேட்டாலும் நானே கொண்டு வந்து தருகிறேன். உங்கள் லெட்டர்ஹெட்டில் ஏற்றி ரப்பர் ஸ்டாம்ப் குத்த வேண்டியதுதான் பாக்கி.

இப்படிக்கு,
தோட்ட ஆபீசில் செக்ரோல் எழுதியவள்,
சுங்கை சிப்புட், பேராக்.